பதினேழாவது பெயர்

பி.காம் கடைசி செமஸ்டரில் இருந்தேன். தேர்வுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை காலி, அனுபவம் தேவையில்லை, படித்துக்கொண்டிருப்பவர்களும் வரலாம் என்று போட்டிருந்தது. அதை யார் அனுப்பினார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. பொன்னேரியில் எங்கள் கல்லூரி வாசலில் நின்றபடியே அந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவர் குரல் மிகவும் தணிவாக இருந்தது. பெயர், ஊர், கல்லூரி எல்லாம் கேட்டார். பிறகு, "கையெழுத்து எப்டிமா இருக்கும்?" என்றார்.

"டேலி தெரியும் சார். ஜிஎஸ்டி ரிட்டர்ன்கூட..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கையால எழுதறது. நல்லா இருக்குமா?"

"இருக்கும் சார்."

"ஒரு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு."

ஆடிட்டிங் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். பள்ளியில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இன்டர்வியூ.

அன்றைக்கு ராத்திரி வரவு, பற்று விதிகளிலிருந்து வங்கிச் சரிகட்டல் வரைக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டினேன். காலை ஆறரைக்கு அதே எண்ணிலிருந்து மறுபடி போன். "பதினொண்ணு வேணாம்மா. எட்டரைக்கு வந்துடு. சாப்புடாட்டியும் பரவால்ல, இங்க நாஷ்டா வாங்கித் தர்றோம்."

அம்மா அப்போது கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமாகப் பேக்கிங் வேலை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்:

"இன்னாடி, இன்டர்வியூக்கு வர்றவங்களுக்கு நாஷ்டா போட்றாங்களா? எனக்கு எவனும் ஒரு டீ குடுத்ததில்ல."

"ஆபீஸ் வேலைமா. அப்படித்தான் இருக்கும்."

"இருக்கும் இருக்கும்," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

எங்கள் வீடு கவரைப்பேட்டையில் ரயில்பாதைக்குப் பின்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி அடுத்த ஸ்டேஷன்தான். இறங்கி, சான்றிதழ் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆலையின் பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னைக்கு அங்க வேலை நடக்குதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இறக்கிவிட்டபோது சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கம்பி ஆலை என்றால் அந்தத் தெருவில் நின்று பேசவே முடியாது. சின்ன வயதிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்டிருக்கிறேன். அன்று ஒரு சத்தமும் இல்லை. புகைபோக்கியில் புகை இல்லை. கேட்டுக்குள்ளே எங்கோ ஒரு குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

செக்யூரிட்டி என் போனை வாங்கி ஒரு டிராயரில் போட்டார். மேசையில் வருகைப் பதிவு நோட்டு இருந்தது. வருகிறவர்கள் அதில் எழுத வேண்டும் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

"நீ எழுத வேணாம். மேல போ," என்றார்.

"பேர், டைம் எதுவும்..."

"வேணாம்னு சொல்லிக்கீறாங்க. போம்மா."

மாடிப்படிக்குப் போகிற வழியில் ஆலைக் கொட்டகையின் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. வாசலுக்கு நேரே தரையில் ஒரு பாய் அளவுக்குப் புது மணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் கருப்பாகக் கரிபிடித்து இருக்க, அது மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

மேலே எனக்கு முன்பே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கடம்பத்தூரிலிருந்து இருட்டோடு கிளம்பி இரண்டு ரயில் மாறி வந்தானாம். அவனை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான்.

"இன்னா கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. நாலு வரி எழுதச் சொன்னாங்க. எழுத்து சரியில்ல, போன்னுட்டாங்க." கவரைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினான். பாவம் என்று நினைத்தேன். ஆனாலும் உள்ளூர ஒரு சந்தோஷம் எனக்கு.

போனில் பேசியவர்தான் மேனேஜர். ஐம்பதுக்கு மேல் வயது, நெற்றியில் விபூதி, அரைக்கை வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தவே தெரியாதவர்போலப் பேசினார். முதலில் ஒரு பொட்டலம் இட்லியைப் பிரித்து வைத்து, "துன்னுட்டுப் பேசலாம்" என்றார். எனக்கு இறங்கவில்லை. ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டுக் கை கழுவி வந்தேன்.

கடனுக்குச் சரக்கு வாங்கினால் எந்தக் கணக்கில் பற்று வைப்பாய், தேய்மானம் என்றால் என்ன, பேங்க் பாஸ்புக்கும் நம் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். தடங்கல் இல்லாமல் பதில் சொன்னேன். ஆனால் அவர் பதிலைக் கேட்கவில்லை. நான் பேசி முடித்த பிறகும் சில நொடிகள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அதில்தான் அது தெரிந்தது.

பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"அப்பா?"

"லாரி ஓட்டறார் சார். நெல்லூர், விஜயவாடான்னு போவார்."

"அம்மா?"

"தேர்வாய் கண்டிகைல பேக்கிங்ல இருக்காங்க. கான்ட்ராக்ட்."

"யாரு கான்ட்ராக்டரு?"

சொன்னேன். அதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

"சொந்தத்துல போலீஸ், வக்கீலு, யூனியன்னு யாராச்சும் கீறாங்களா?"

"இல்ல சார்."

அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "நல்லது. ஒரு சின்ன பிராக்டிகல் டெஸ்ட்டு வெச்சுடலாம்."

பக்கத்து அறையில் ஒரு மேசை. அதன்மேல் நீளமான பழைய நோட்டு ஒன்று, அதே அளவில் புது நோட்டு ஒன்று. கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு விரல் வைக்கும் மெஷின் உண்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இந்த வருகைப் பதிவு நோட்டுதான் என்று விளக்கினார். ஒரு வரிசைக்கு ஓர் ஆள். பெயர், அப்பா பெயர், டோக்கன் நம்பர், அதற்கு எதிரே நாள்வாரியாகக் கட்டங்கள். வந்தால் பி, வராவிட்டால் ஏ. முப்பத்தொரு பேர். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் முந்தாநாள் வியாழக்கிழமை வரை.

"பழைய நோட்டு தண்ணில நனைஞ்சு போச்சு. அப்படியே புதுசுல எடுத்து எழுதணும். வேகமும் சுத்தமும் பாப்பேன்."

நோட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஓரம்கூட நனைந்திருக்கவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்து பேனாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். இரண்டு நீலம், இரண்டு கருப்பு, ஒன்று பாதி தீர்ந்துபோன ஜெல் பேனா. "ஒரே பேனாவுல எழுதாத. அஞ்சாறு நாளுக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் வேற ஒண்ணு. மாத்தி மாத்தி எழுது."

"எதுக்கு சார்?"

"பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

பிறகு பழைய நோட்டைத் திறந்து, பதினேழாவது வரிசையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்தார். "இது மட்டும் வேணாம். பதினெட்டாவது ஆள பதினேழாப் போட்டுக்கோ. மூணு மாசத்துக்கும் அப்படியே."

"இவர் நின்னுட்டாரா சார்?"

"ஜனவரிலயே நின்னுட்டான்மா. சும்மா பேர் மட்டும் ஓடிக்கினு இருந்துச்சு."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். எழுத ஆரம்பித்தேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாக எழுத வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. எழுத்து ஒரே சாய்வில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஜனவரியை முடித்து, பிப்ரவரியை முடித்து, மார்ச்சுக்கு வந்தபோதுதான் பதினேழாவது வரிசையைக் கவனித்துப் பார்த்தேன். எல்லாரையும்போல அந்த ஆளுக்கும் மார்ச் முதல் தேதியிலிருந்து பி, பி, பி என்று போய்க்கொண்டே இருந்தது. வியாழக்கிழமைக் கட்டத்திலும் பி. முந்தைய பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன், பிப்ரவரியில் அடுத்தடுத்து இரண்டு ஏ மட்டும். அவர் நிற்கவில்லை. முந்தாநாள் வேலைக்கு வந்திருக்கிறார்.

பதினோரு மணி வாக்கில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அக்கா டீ கொண்டுவந்தார். அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, டீ கொடுக்கிறவர். டீயை வைத்துவிட்டுப் போகாமல் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா எழுதற?"

"டெஸ்ட்டு அக்கா. இன்டர்வியூக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரிசாக்கார புள்ள பேரு அதுல கீதா?"

"எந்தப் புள்ள?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையைத் துடைப்பதுபோலக் குனிந்து சொன்னார்: "வியாழக்கெழம சாயங்காலம். செவசெவன்னு காஞ்ச கம்பி உருளைலேர்ந்து துள்ளி வந்து அடிச்சிடுச்சு. வேன்ல தூக்கிப் போட்டுக்கினு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போனாங்க. நேத்து காலைல முடிஞ்சிபோச்சாம். அண்ணங்காரன் ரயில்ல வந்துகினு கீறானாம்."

குனிந்தபடியே துணியை மேசை ஓரம்வரை இழுத்தார்.

"முன்ன இந்த நோட்டு எழுதிக்கினு இருந்த சாரு நேத்து மேனேஜராண்ட சண்ட போட்டுட்டு எய்ந்து போய்ட்டாரு. அதான் உன்னக் கூட்டாந்துகீறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. டீய குடி." டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். இத்தனை வருடங்களில் பல பேரிடம் இதைச் சொல்லும்போது, பயத்தில் கை ஓடவில்லை, ஆனாலும் வேறு வழி இல்லை என்றே சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. கை நன்றாகவே ஓடியது. பயம் இருந்தது. போன் கீழே இருக்கிறது, கதவுக்கு வெளியே அவர் இருக்கிறார் என்பதெல்லாம் இருந்தது. அதோடு, முக்கால்வாசி முடித்துவிட்டோம், வேலை கிடைத்துவிடும் என்பதும் இருந்தது. மார்ச் மாதத்தையும் எழுதி முடித்தேன். பதினெட்டாவது ஆளைப் பதினேழாக எழுதினேன். ஒன்று மட்டும் செய்தேன். அந்தப் பெயரையும் டோக்கன் நம்பரையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதுபோல வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

ஒன்றரை மணிக்கு மேனேஜர் வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அச்சு அடிச்ச மாதிரி கீது," என்றார். பேனாக்களை எண்ணி எடுத்துக்கொண்டார். பழைய நோட்டை ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். என் ஆதார் நகலையும் மார்க்‌ஷீட் நகல்களையும் வாங்கிக்கொண்டார்.

"திங்கக்கெழமைலேர்ந்து வந்துடு. பரீட்சை நாளுக்கு லீவு எடுத்துக்கோ. மாசம் பதினெட்டாயிரம்."

எங்கள் வகுப்பில் அதுவரை யாருக்கும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் சொன்னதில்லை. அந்தத் தொகையைக் கேட்டதும் வாய்க்குள் வைத்திருந்த பெயர் ஒரு கணம் நழுவிப்போனது. படியிறங்கும்போதுதான் திரும்ப வந்தது.

சாயங்காலம் அம்மா வந்ததும் சொன்னேன். அம்மா வேலைப் புடவையை மாற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க கம்பெனில என் பேரு எந்த நோட்டுல கீது?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடமாகப் போய் வருகிறாள்.

"மொதல்ல அந்தப் பேர எழுதி வெய்யி," என்றாள். ஆடிட்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக் கார் நுழைந்தது. எங்கள் தெருவுக்குக் கார் வந்தால் திரும்ப இடம் இருக்காது. ரிவர்ஸிலேயேதான் திரும்பிப் போக வேண்டும். வாசலில் மேனேஜர் இறங்கி நின்றார். ஆதாரில் விலாசம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், இன்னொரு கையில் ஃபைல்.

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிலும் பார்த்தார். சுவர், ஃபேன், மூலையில் என் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"நல்ல பொண்ண வளத்துக்கீறீங்கம்மா. எழுத்து அவ்ளோ சுத்தம். அது இனிமே எங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்."

அம்மா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்க கான்ட்ராக்டரு நமக்கு வேண்டியவருதான். பாருங்க." போனை எடுத்துப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் அம்மாவின் கான்ட்ராக்டர் "சொல்லுங்க நைனா, சொல்லுங்க" என்று பணிந்து பேசினார். "ஒண்ணுமில்ல, உங்க ஆளு ஊட்ல உக்காந்துகினு கீறேன். நல்லா பாத்துக்கோங்க," என்று சொல்லி இவர் வைத்துவிட்டார். இதில் மிரட்டல் என்று எதையும் எடுத்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு ஃபைலைத் திறந்து என் முன்னால் வைத்தார். வேலை நியமனக் கடிதம். கம்பெனி முத்திரை, கீழே நான் கையெழுத்துப் போட இடம். தேதியைப் பார்த்தேன். ஜனவரி இரண்டு என்று இருந்தது.

"சார், தேதி தப்பா கீது."

"தப்பில்லம்மா. மூணு மாசம் அனுபவம் சேத்துக் குடுக்கறோம். உனக்குத்தான் நல்லது. ஒண்ணாந்தேதி மூணு மாசச் சம்பளமும் சேர்ந்து வரும்."

அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஜனவரியிலிருந்து அந்த நோட்டை எழுதியவள் நான். அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான். அவர் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

அம்மா குறுக்கே கையை நீட்டிக் கடிதத்தை எடுத்தாள்.

"அவங்க அப்பா படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு சார். சாயங்காலம் வந்துடுவாரு. நாளைக்கு எடுத்தாந்து தருவா."

அப்பா அன்று விஜயவாடாவுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தார். வர இன்னும் நான்கு நாள் ஆகும். அம்மா பொய் சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும். மேனேஜருக்கும் தெரிந்திருக்கும். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடிதத்தை அவள் கையிலிருந்து மெதுவாக உருவி ஃபைலில் வைத்து மூடினார். "நாளைக்கு ஆபீஸ்லயே போட்டுக்கலாம்," என்று எழுந்தார். கார் ரிவர்ஸிலேயே, ஓசையில்லாமல், தெரு முனை வரைக்கும் போனது. ஸ்வீட் பாக்ஸை நாங்கள் யாரும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மா வழக்கம்போல மெயின் ரோட்டில் வேனுக்கு நின்றாள். நான் கல்லூரிக்குப் போவதா, ஆலைக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று தெரியாமல் அவள் பக்கத்தில் நின்றேன். வேன் வந்தது. வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரம் இருந்த பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி கையைத் தூக்கப் போய், பாதியில் இறக்கிக்கொண்டாள். வேன் நிற்காமல் போய்விட்டது. அம்மா கான்ட்ராக்டருக்குப் போன் செய்தாள். நான்கு தடவையும் எடுக்கவில்லை.

அம்மா டிபன் பாக்ஸோடு அங்கேயே நின்றாள். பிறகு சொன்னாள்: "அந்த அண்ணங்காரன் வந்துருப்பான் இல்ல?"

"வந்துருப்பார்."

"வா, போவலாம். இனிமே இன்னா கீது."

நோட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். ஆலைக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் அண்ணன் என்று பார்த்ததுமே தெரிந்தது. மூன்று நாள் தூங்காத கண்கள். காலடியில் ஒரு ரெக்ஸின் பை. யூனியன்காரர் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தார். கேட்டில் போய்க் கேட்டால், அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை செய்யவே இல்லை, யாரோ வெளியாள் உள்ளே வந்து அடிபட்டுவிட்டான் என்று சொல்கிறார்களாம். இன்சூரன்ஸில் சேர்க்காமலேயே வேலை வாங்கியிருக்கிறார்கள், ஒத்துக்கொண்டால் நஷ்டஈடும் வழக்கும் வரும், அதனால்தான் என்றார் யூனியன்காரர். அண்ணன் கையில் இருந்த போனில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு இதே கேட்டின் முன்னால் தம்பி சிரித்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

நான் போய் நின்றேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்தப் பெயரை வாசித்தேன். அப்பா பெயரையும், டோக்கன் நம்பரையும் வாசித்தேன். அண்ணன் சட்டென்று எழுந்து நின்றார்.

"இது ஒங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று யூனியன்காரர் கேட்டார்.

"நோட்டுல இருந்துச்சு. நான்தான் அத எடுத்துட்டு வேற நோட்டு எழுதினேன்."

அதைச் சொல்லும்போது எதிரே கேட்டைப் பார்த்தேன். செக்யூரிட்டி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து போனில் பேசிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. அடிக்கடி போன் வரும். எடுத்தால் அந்தத் தணிந்த குரல்: "பரீட்சை நல்லா எழுதறியாமா?" அவ்வளவுதான். வைத்துவிடுவார். ஒரு நாள், "உன் கையெழுத்து எங்ககிட்டதான் கீது, மறந்துடாத," என்றார். அப்பா லாரி ஓட்டப் போகாமல் இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்தார். சிப்காட்டில் வேறு இரண்டு கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்தேன். என் ஊரையும் பெயரையும் கேட்டதும் இரண்டிலும் ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். தேர்வை எப்படி எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. பாஸ் பண்ணிவிட்டேன்.

யூனியன் கொடுத்த மனுமேல் தொழிலாளர் துறை விசாரணை திருவள்ளூரில் நடந்தது. மேனேஜரும் ஒரு வக்கீலும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், கம்பெனி கொடுத்திருந்த புது நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"இது யார் எழுத்து?"

"என்னுதுதான் மேடம்."

வக்கீல் எழுந்து, இந்தப் பெண் ஜனவரியிலிருந்து எங்கள் ஊழியர், அன்றாடம் நோட்டை எழுதியது இவர்தான், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்றார். நான் கையெழுத்துப் போடாத அந்த நியமனக் கடிதத்தின் நகலைக் காட்டினார். அதன் அடியில் என் பெயர் இருந்தது. யாரோ போட்டிருந்தார்கள். என் எழுத்தைப் பார்த்து நன்றாகவே பழகியிருந்தார்கள்.

நான் கல்லூரி அலுவலகத்தில் கெஞ்சி வாங்கி வைத்திருந்த தாள்களைக் கொடுத்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை என் வகுப்பின் வருகைப் பதிவு, கல்லூரி முத்திரையோடு. அந்த வருடம் நான் மொத்தமே மூன்று நாள்தான் லீவு எடுத்திருந்தேன். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வக்கீலிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணு பகலெல்லாம் பொன்னேரியில கிளாஸ்ல இருந்துக்கிட்டே கும்மிடிப்பூண்டியில எப்படி அன்றாடம் நோட்டு எழுதுச்சு?"

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. எங்கள் வீட்டுச் சுவரையும் ஃபேனையும் பார்த்த அதே பார்வை.

டீ கொடுத்த அக்கா சாட்சி சொல்ல வரவில்லை. அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள், ஆந்திரா பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் சண்டை போட்டுவிட்டுப் போன பழைய கணக்காளர் வந்தார். எழுந்துபோகும் முன் மார்ச் மாதப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார். பயந்துகொண்டு இவ்வளவு நாள் சும்மா இருந்ததாகச் சொன்னார். என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, பாதி கிடைத்துவிட்டது என்று யூனியன்காரர் சொன்னார். மீதியைப் பற்றித் தெரியவில்லை. ஆலை இன்றும் ஓடுகிறது. மேனேஜர் இப்போது அங்கே இல்லை, வேறு ஏதோ ஆலையில் இருக்கிறார் என்கிறார்கள். அம்மா வேறொரு கான்ட்ராக்டரிடம் கவரைப்பேட்டைக்குப் பக்கத்திலேயே வேலைக்குப் போகிறாள். நான் பொன்னேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன், குறைந்த சம்பளத்தில். அந்த இன்டர்வியூவில் கையால் எதையாவது எழுதிக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்று கடைசிவரை பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

விசாரணை முடிந்த அன்று திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் எங்களோடு வந்து நின்றார். அந்த இரண்டு மாதத்தில் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். எனக்கு நன்றி சொல்வாரோ என்று பயமாக இருந்தது. சொன்னால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவர் நன்றி சொல்லவில்லை.

"அந்த நோட்டு, பழசு, நீங்க எல்லாம் பாத்தீங்க இல்ல," என்று கேட்டார். "தம்பி எத்தன நாள் லீவு?"

"பிப்ரவரில ரெண்டு நாள்," என்றேன். "ஒன்பது, பத்து. வேற எங்கயும் ஏ இல்ல."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அந்த இரண்டு நாள்தான் தம்பி ஊருக்குப் போன் செய்து ரொம்ப நேரம் பேசினானாம். காய்ச்சல் என்று கூடத் தங்கியிருந்தவர்கள் பிறகுதான் சொன்னார்களாம், அவன் சொல்லவில்லையாம். கம்பெனியே லீவு விட்டிருக்கிறது, சும்மா படுத்துக்கொண்டு பேசுகிறேன் என்றானாம்.

செங்குன்றம் போகும் பஸ் வந்தது. அவர் ரெக்ஸின் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அம்மா என் கையைப் பிடித்து ஸ்டேஷன் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள்.